ரீஃபண்டு வந்துடுச்சாம்மா?

வருமான வரியைப் பிடிப்பதற்கு ஒரு பேனா போதும், அதில் அதிகமாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு ஆபீஸ், நாலு மாடி, நாற்பது பீரோ எல்லாம் இருந்தும் போதாது என்பதுதான் எங்கள் தொழிலின் அஸ்திவாரம்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடு வரைக்கும் பெரம்பலூரில் ஒரு வரி ஆலோசகரிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். உரக்கடை மாடியில் ஆபீஸ். பிரம்மநாயகம் சார் என்று பெயர். ஊரே அவரை ஆடிட்டர் என்று கூப்பிடும். அவர் ஆடிட்டர் இல்லை, ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. புதன்கிழமையானால் டைப்ரைட்டரைத் துணியில் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் அரியலூர் போவோம். அங்கே ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டு ரூம்தான் எங்கள் கிளை. வரி ஆபீஸ் வேறொரு பெரிய ஊரில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது மாசாமாசம் ஒழுங்காக வருகிறது.

நீங்களும் ஒரு காலத்தில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு ஓடி, அவர் பக்கத்து வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவராக இருந்தால், இது உங்களுக்காகத்தான். வருஷக் கணக்கைக் காட்டி, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டியது. ஆபீஸ் சரிபார்த்து ஒரு வவுச்சர் அனுப்பும். அதை பாங்க்கில் கொடுத்தால் பணம். சொல்வதற்கு அவ்வளவுதான்.

மூவ் ஆகுது

மாடிப்படி ஏறி வருகிறவர்கள் யாரும் என்னிடம் சௌக்கியமா என்று கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ரீஃபண்டு வந்துடுச்சாம்மா?" நான் சாரைப் பார்ப்பேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஃபைல் மூவ் ஆகுது" என்பார். வேறு பதில் அவரிடம் கிடையாது. மூவ் ஆவதற்கு உதவியாக நான் ஒரு நினைவூட்டுக் கடிதம் டைப் அடிப்பேன். 'எங்கள் முந்தைய கடிதத்தைத் தயவுசெய்து பார்க்கவும்' என்று ஆரம்பிக்கும். முந்தைய கடிதமும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கும். அதற்கு முந்தையதும் அப்படித்தான். உருப்படியாக ஏதாவது சொன்ன கடிதம் எந்தக் காலத்தில் போயிற்றோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நினைவூட்டுக்கும் சார் தனியாக ஃபீஸ் வாங்குவார். அதனால் அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

குரும்பலூரில் ரைஸ்மில் வைத்திருந்த கந்தசாமி அண்ணன் மட்டும் இந்தப் பதிலை ஒருநாள் ஏற்றுக்கொள்ளவில்லை. முன்பணமாக வரி கட்டிய வருஷம் பார்த்து மழை பொய்த்து, மில்லில் அரைக்க நெல் இல்லாமல் போய்விட்டது. கட்டின வரி பூராவும் திரும்ப வரவேண்டிய பணம். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டக்கூடக் கையில் காசில்லை என்று நின்றுகொண்டே பேசினார். சார் கண்ணாடியைத் துடைத்தார். "மூவ் ஆகுது கந்தசாமி" என்றார்.

கந்தசாமி அண்ணன் படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: "நத்தையா இருந்தாக்கூட இந்நேரம் எங்க ஊரு ஏரிக்கரையைத் தாண்டியிருக்கும் சார். உங்க ஃபைலுக்கு என்ன, கால்ல வெலங்கா?"

வெங்காயம்

ஃபைலை அசைக்க சாரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம். வரி ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டுபோவார். லஞ்சம் இல்லையாம், மண்வாசனையாம். ஒருமுறை துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். பஸ்ஸில் பையை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

ஃபைல்கள் இருந்த மேஜைக்காரர் பையை வாங்கிக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்து மோந்து பார்த்தார். கந்தசாமி ஃபைல் எங்கே என்று கேட்டோம். அது அடுத்த மேஜையாம். அடுத்த மேஜைக்காரர் லீவாம். எப்போது வருவார் என்றால், லீவு முடிந்ததும் வருவாராம். சார் இதற்கெல்லாம் மிகவும் பணிவாகத் தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிளம்பும்போது மேஜைக்காரர் சாரைக் கூப்பிட்டு அக்கறையாகச் சொன்னார்: "அடுத்த தடவை கொஞ்சம் காய்ஞ்சதா பாத்துக் கொண்டாங்க சார், இது சீக்கிரம் மொளச்சிடும். ஃபைல் மாதிரி வச்சிருக்க முடியாது."

வேண்டாம் என்ற சவரிமுத்து

வரதராசன்பேட்டை சவரிமுத்து ரோடு காண்டிராக்டர். தார் போடும் கூலிக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கார் பில் பட்டுவாடாவாகும்போதே வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். அந்த வருஷம் அவருக்கு நஷ்டம். பிடித்தது அத்தனையும் திரும்ப வரவேண்டும். அதை நம்பித்தான் கூலிக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன தவணைகள் எல்லாம் போய், கூலிக்காரர்களில் ஒருவர் அவருடைய தார் டிரம்களை உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவரே வரி ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். ஆபீஸ்காரர் ஃபைலைப் புரட்டி, "உங்களுக்கு அப்பவே அனுப்பியாச்சே. நீங்கதான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார். சவரிமுத்து அந்தக் கவரைக் காட்டச் சொன்னார். கவர் அங்கேயே இருந்தது. 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். விஷயம் என்னவென்றால், ஆரோக்கியத்தின் மகன் சவரிமுத்து என்பதற்குப் பதிலாக விலாசத்தில் யாரோ சூசையின் மகன் சவரிமுத்து என்று எழுதிவிட்டார்கள். அப்படி ஒருவர் அதே ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரே சர்ச்சுப் பங்கில் பாதிப் பேருக்கு ஒரே பெயர் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? ஒழுங்காக அவரிடமே கொண்டுபோயிருக்கிறார்.

தப்பு தங்களுடையது என்று ஆபீஸ் ஒத்துக்கொள்ளுமா? பார்ட்டி முதலில் ஏன் மறுத்தார், இப்போது ஏன் மனம் மாறினார் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். 'என் சொந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள எனக்கு இப்போது சம்மதம்' என்று நானே டைப் அடித்தேன். அடிக்கும்போது சவரிமுத்து எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்கும் சார் ஃபீஸ் வாங்கினார். பணம் வந்து, கூலியைத் தீர்த்து, தார் டிரம்களை மீட்ட பிறகு சவரிமுத்து நேரே சைக்கிள் கடைக்குப் போய், ஏன்டா அந்தக் கவரை வாங்கித் தொலைக்கவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அதற்கு அந்தச் சவரிமுத்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னாராம்: "அண்ணே, எனக்கு வருமானத்தை யாரும் தபால்ல அனுப்புனதில்ல. வரியை மட்டும் நான் எதுக்குண்ணே கையெழுத்துப் போட்டு வாங்கணும்?"

மேலிடத்து மனுஷன்

அரியலூர்க் கிளைக்கு வாராவாரம் வந்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கோதண்டம். அவருடைய கமிஷனில் பிடித்த வரி திரும்ப வரவேண்டும். மற்றவர்களைப்போல அவர் கவலைப்படவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மச்சினர் மெட்ராஸில் வரி இலாகாவில் பெரிய பதவியில் இருந்தாராம். "நம்ம கேஸை நெனச்சா ஒரே போன்ல முடிச்சிடுவாரு" என்று ரூமில் காத்திருக்கும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். அந்த தைரியத்தில் தவணைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் ஃபிரிட்ஜ். ஐஸ் கேட்டு வருகிறவர்களிடமும் மச்சினர் கதையைச் சொல்லித்தான் கொடுப்பார்.

மச்சினர் நிஜமாகவே போன் பண்ணிவிட்டார். அதுதான் வினை. மெட்ராஸிலிருந்து போன் வந்ததும் வரி ஆபீஸில் பயந்துபோய், கோதண்டத்தின் ஃபைலை மட்டுமில்லாமல் அவர் சம்பந்தப்பட்ட அத்தனை பழைய கட்டுகளையும் பீரோவிலிருந்து இறக்கித் தூசி தட்டியிருக்கிறார்கள். எல்லாரும் மறந்துபோயிருந்த ஒரு பழைய பாக்கி அதில் கிடைத்தது. ரீஃபண்டை அந்தப் பாக்கியில் கழித்தது போக, மேற்கொண்டு கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. தவணைக்காரன் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனான். தெருவே வேடிக்கை பார்த்தது.

அடுத்த புதன்கிழமை கோதண்டம் வரவில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் மனைவி செண்பகம் வந்தார். சார் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, மேலிடத்தில் சொல்லியும் இப்படி ஆகிவிட்டதே என்றார். அந்த அம்மா நோட்டீஸை மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: "இவரை யாருக்கும் தெரியாம இருந்த வரைக்கும் நாங்க நல்லாத்தான் சார் இருந்தோம்."

நிஜமான வவுச்சர்

ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர் ஞானப்பிரகாசம் வாத்தியார். எத்தனையோ வருஷத்துச் சம்பள பாக்கி மொத்தமாக ஒரே வருஷத்தில் வந்தபோது, அதில் கண்மண் தெரியாமல் வரியைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தது போக வந்த பணத்தில்தான் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். சுவர் எழும்பி, மரமும் வந்து இறங்கிவிட்டது. ஓட்டுக்குப் பணம் இல்லை. ரீஃபண்டு வந்தால் ஓடு. அவரும் மேரியம்மாவும் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. புதன்கிழமைகளில் வந்து பெஞ்சில் உட்காருவார். என்னிடம் அவசரப்படுத்த மாட்டார். நான் அடித்த கடிதத்தை வாங்கிப் படித்து, "இங்க ஒரு 'தி' விட்டுட்டியேம்மா" என்பார். எங்களிடம் வந்தவர்களில் கடிதத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான், வரி ஆபீஸையும் சேர்த்து.

அதிசயமாக அவருக்கு வவுச்சர் வந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையோடு பாங்க்குக்குப் போனார். எந்த பாங்க் என்பதும் வேண்டாம். மானேஜர் வவுச்சரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வவுச்சர் நிஜம்தான். ஆனா இது நிஜம்தான்னு வரி ஆபீஸ் எங்களுக்குத் தனியா ஒரு அட்வைஸ் அனுப்பணும். அது வரல" என்றார். வாத்தியார் வாரம் தவறாமல் போய் நின்றார். ஓட்டுக்கடையில் சொல்லிவைத்த ஓடு வேறொருவருக்குப் போய்விட்டது. வவுச்சரின் கெடு முடிந்தது. கெடு முடிந்த பிறகு அட்வைஸ் வந்து சேர்ந்தது. மானேஜர் இப்போது அட்வைஸைக் காட்டி, "இது சரியா இருக்கு. உங்க வவுச்சர்தான் செல்லாது" என்றார்.

வவுச்சரைப் புதுப்பிக்கத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கடிதம் அடித்துக்கொடுத்தேன். வாத்தியார் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "லேட்டா வர்ற பையனை நான் வெளியில நிறுத்துவேம்மா. இங்க லேட்டா வந்த கடுதாசி உள்ள பத்திரமா உக்காந்திருக்கு, நேரத்துக்கு வந்த நான் வெளியில நிக்கிறேன்."

பெஞ்சு

அந்த ஐப்பசி மழையில் கொட்டகை பிய்த்துக்கொண்டது. வெட்டவெளியில் கிடந்த மரமெல்லாம் வீணாகிவிடும் என்று வாத்தியார் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சுவர் ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். சார் வரவில்லை. மாலை வாங்கக் காசு கொடுத்தனுப்பினார். அதை மட்டும் அவர் கணக்கில் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

வாத்தியார் போன பிறகு புதுப்பித்த வவுச்சர் வந்தது, அவர் பெயருக்கு. பாங்க்கில் கொடுக்க மாட்டோம் என்றார்கள். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீஸில் மேரியம்மாவை நடையாய் நடக்க வைத்து, அவருக்கு வேறு சம்சாரம் உண்டா என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அதற்கு இரண்டு சாட்சி கொண்டுவரச் சொல்லி, ஒருவழியாகக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வரி ஆபீஸுக்குப் போக வேண்டும். சாருக்கு அன்றைக்கு முழங்கால் வலி. நான் கூடப் போனேன்.

அந்த வெங்காய மேஜையில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மேரியம்மா வவுச்சர், சாவுச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் அடுக்கிவைத்தார். மேலே இருந்த வவுச்சரை மட்டும் பார்த்துவிட்டு, "பார்ட்டி நேர்ல வரணும்மா" என்றான். கீழே இருப்பதைப் பாருங்கள் என்றேன். பார்த்தான். "சரி, செத்துட்டாரு. ஆனா பழைய வவுச்சரை ரத்து பண்ணச் சொல்லி அவர் கையெழுத்து ஒண்ணு வேணுமே" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில். மேரியம்மாவுக்கு வரவில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. கேட்டுத்தான் உள்ளே இருந்த அதிகாரி எழுந்து வந்து, காகிதங்களை வாங்கிப் படித்து, அங்கேயே நின்றுகொண்டு உத்தரவு எழுதினார்.

மேரியம்மா சொன்னது இதுதான்: "கூட்டியாரேன் தம்பி. ஆனா அவரு வந்தா கையெழுத்து அப்புறம்தான் போடுவாரு. மொதல்ல உன்னைப் பெஞ்சு மேல ஏத்துவாரு."

ஓடு

பணம் வந்தது. வட்டி கேட்டு எழுதலாமா என்று சாரிடம் கேட்டேன். தாமதத்துக்கு இலாகா பொறுப்பில்லை, பார்ட்டி நடுவில் இறந்துவிட்டதுதான் காரணம் என்று பதில் வரும் என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மேரியம்மா யாரையும் கேட்கவில்லை. தச்சரைப் பிடித்து, கொத்தனாரைப் பிடித்து, பக்கத்தில் நின்று ஓடு வேய்ந்து முடித்தார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்றைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். சார் வந்தார். சாப்பாடு என்றால் முழங்கால் வலிக்காது. சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. எல்லாரும் தன்னாலே அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேரியம்மா கையில் மோர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். நான் இலையிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சாருக்குத் தெரிந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பாத்தீங்களாம்மா, முன்னப் பின்ன ஆனாலும் சர்க்கார் பணம் எங்கயும் போயிடாது. வந்து சேந்துடும்" என்றார்.

மேரியம்மா அண்ணாந்த முகத்தை இறக்காமலே சொன்னார்: "ஆமா சார். இந்த மழையில ஓடு நனையுது. போன மழையில அவரு நனைஞ்சாரு."

வரி கட்ட ஒருநாள் பிந்தினால் அபராதம் போட ஒரு சட்டமும், அதிகமாகப் பிடித்ததைத் திருப்பித் தர வருஷக்கணக்கில் பிந்தினால் வருத்தம் தெரிவிக்க ஒரு வரிகூட இல்லாத காகிதமும் இருப்பதுதான், அத்தனை வருஷம் டைப் அடித்ததில் எனக்குப் பிழையில்லாமல் மனப்பாடமான ஒரே பாடம்.